தொழில்முறை டிரையத்லான் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் நடுவில் கடிகாரத்தை நிறுத்தாமல் அடுத்தடுத்து முடிக்கும் பந்தயம் டிரையத்லான். அதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள், எப்படிப் பந்தயம் ஓடுகிறார்கள், எதை உண்டு எதைச் சம்பாதிக்கிறார்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இவை. ஒருமுறை கலந்துகொண்டு பார்க்க விரும்புபவருக்கான வழிகாட்டியாக இது எழுதப்படவில்லை.

ஒலிம்பிக்கில் பார்ப்பதும் அயர்ன்மேன் என்பதும் ஒரே பந்தயம்தானா?

இல்லை. ஒலிம்பிக்கில் நடப்பது 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம், முன்னணி ஆண்கள் இதைச் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். அயர்ன்மேனில் 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் ஓட்டி, அதன் பிறகு ஒரு முழு மாரத்தான் ஓட வேண்டும். அதில் சரிபாதியான பந்தயத்தின் மொத்தத் தூரம் 70.3 மைல் என்பதால் அந்த எண்ணே அதற்குப் பெயராகிவிட்டது. 2024 முதல் டி100 என்ற தொடரும் நடக்கிறது. 2, 80, 18 எனக் கூட்டினால் சரியாக 100 கி.மீ. வரும்.

ஒரே பெயரில் வழங்கினாலும் இவற்றுக்கு வேண்டிய உடல்கள் வேறு வேறு. இரண்டு கரையிலும் வென்றவர்கள் மிகச் சிலரே. ஜெர்மனியின் யான் ஃப்ரோடேனோ 2008-இல் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தங்கம் வென்று, பின்னர் 2015, 2016, 2019 ஆகிய ஆண்டுகளில் ஹவாயில் அயர்ன்மேன் உலகப் பட்டத்தையும் வென்றார். நார்வேயின் கிறிஸ்டியன் புளும்மென்ஃபெல்ட்டுக்கு அத்தனை ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை: 2021 ஜூலையில் டோக்கியோவில் தங்கம், 2022 மே மாதத்தில் அமெரிக்காவின் செயின்ட் ஜார்ஜில் அயர்ன்மேன் உலகப் பட்டம்.

ஒருவர் எப்போது தொழில்முறை வீரர் ஆகிறார்?

அவருடைய நாட்டின் டிரையத்லான் சம்மேளனம், பந்தய முடிவுகளைப் பார்த்து, அவருக்குத் தொழில்முறை உரிமம் வழங்கும்போது. உரிமம் இருந்தால் மற்றவர்களுக்கு முன்பாகவே தனியாகப் புறப்படலாம். பரிசுப் பணத்துக்குப் போட்டியிடலாம். அதற்குமேல் உரிமம் எதையும் உறுதி செய்வதில்லை. உரிமம் கையில் இருந்தும் வேறு வேலை பார்த்துக்கொண்டே பந்தயத்துக்கு வருபவர்கள் உண்டு.

பெரும்பாலோர் சிறுவயதில் நீச்சல் குளத்தில் வளர்ந்தவர்கள். ஓட்டத்தையும் சைக்கிளையும் வயது வந்த பிறகு ஓரளவு வளர்த்துக்கொள்ளலாம். தண்ணீரைக் கையால் பற்றும் நுட்பம் தாமதமாக வருபவருக்கு எளிதில் வாய்ப்பதில்லை. விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் கிறிஸ்ஸி வெலிங்டன் அரசுப் பணியில் இருந்துவிட்டு 30 வயதில், 2007-இல்தான் தொழில்முறைக்கு வந்தார். அதே ஆண்டு ஹவாயில் உலகப் பட்டம் வென்றார். பின்னர் 2008, 2009, 2011-இலும் வென்று, அந்தத் தூரத்தில் ஒருமுறைகூடத் தோற்காமலே ஓய்வு பெற்றார்.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு நேரம் பயிற்சி?

பொதுவாக 25 முதல் 35 மணி நேரம். நெடுந்தூரப் பந்தயத்துக்குத் தயாராகும் ஒருவர் வாரத்துக்குத் தோராயமாக 20 முதல் 25 கி.மீ. நீந்துவார், 300 முதல் 500 கி.மீ. வரை சைக்கிள் ஓட்டுவார், 70 முதல் 100 கி.மீ. வரை ஓடுவார், இரண்டு முறை எடைப்பயிற்சியும் இருக்கும். காலையில் எழுந்ததும் குளம், பிறகு இரண்டாவது காலை உணவு, முற்பகலில் மூன்று நான்கு மணி நேர சைக்கிள், மதிய உணவு, ஒரு மணி நேர உறக்கம், மாலையில் ஓட்டம், இரவு ஒன்பதரைக்குப் படுக்கை என்று நாள் போகும். மறுநாளும் அப்படியே.

மணிக்கணக்கைக் கேட்டால் அலுவலக வேலையைவிடக் குறைவாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். இந்த வேலையில் எஞ்சிய நேரமும் வேலைதான் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மதியம் நண்பருடன் ஊர் சுற்றிவிட்டு மாலையில் ஓடப் போனால், அந்த ஓட்டம் மட்டும் கெடுவதில்லை, அடுத்த இரண்டு நாட்களும் கெடும். இந்த வாழ்க்கையில் கடினமான பகுதி எது என்று கேட்டால், வலியைப் பொறுப்பதைவிடச் சும்மா இருப்பதைத்தான் நான் சொல்வேன்.

அத்தனை மணி நேரமும் மூச்சு வாங்க, முழு வேகத்தில்தான் பயிற்சி செய்கிறார்களா?

இதுதான் வெளியாட்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம். பயிற்சியின் பெரும்பகுதி, பக்கத்தில் வருபவருடன் முழு வாக்கியத்தில் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடக்கிறது. உடலில் ஆக்சிஜனைக் கொண்டு கொழுப்பை எரிக்கும் திறன் இந்த மெதுவான மணி நேரங்களில்தான் வளர்கிறது. அது வளர ஆண்டுகள் பிடிக்கும், குறுக்கு வழி கிடையாது.

கடினமான பயிற்சிகளிலும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. வேகம் கூடக்கூடத் தசைகள் லாக்டேட்டை உருவாக்கும். ஓர் எல்லை வரை உடல் அதை உடனுக்குடன் பயன்படுத்திக்கொள்ளும். எல்லையைத் தாண்டினால் இரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போகும், அதற்குப் பிறகு நிமிடங்கள் எண்ணப்படுகின்றன என்று பொருள். புளும்மென்ஃபெல்ட், குஸ்தாவ் இடன் ஆகியோரின் நார்வே அணி பயிற்சியின் நடுவே நின்று, காதுமடலிலோ விரல்நுனியிலோ ஊசியால் குத்தி ஒரு துளி இரத்தம் எடுத்து, கையடக்கக் கருவியில் லாக்டேட்டை அளந்து பார்ப்பதற்குப் பெயர் பெற்றது. அளவு ஏறியிருந்தால் இன்னும் முயலும்படி பயிற்சியாளர் சொல்வதில்லை, வேகத்தைக் குறைக்கச் சொல்கிறார். எல்லைக்குச் சற்றுக் கீழேயே நின்றால் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு கடினப் பயிற்சிகளை ஒரே நாளில் செய்ய முடியும். எல்லையைத் தாண்டிப் பெருமைக்காக ஒருமுறை பாய்ந்தால், அந்த வாரமே போய்விடும். இந்த அணி 2025-இல் ஃபிரான்சின் நீஸ் நகரில் நடந்த ஆண்கள் அயர்ன்மேன் உலகப் போட்டியில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது: காஸ்பர் ஸ்டோர்னஸ், இடன், புளும்மென்ஃபெல்ட்.

எல்லோரும் இப்படி அளப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சைக்கிளில் மிதிக்கும் திறனை வாட் கணக்கில் காட்டும் பவர் மீட்டர், நெஞ்சில் கட்டும் இதயத்துடிப்புப் பட்டை, பிறகு பழைய முறைப்படி உடம்பு என்ன சொல்கிறது என்று கேட்பது ஆகிய மூன்றையும் வைத்தே பலர் பயிற்சி செய்கிறார்கள். கருவி எதுவானாலும் அதன் வேலை ஒன்றே: ஆர்வக்கோளாறுக்குக் கடிவாளம் போடுவது.

மலைக்குப் போய்ப் பயிற்சி செய்வது எதற்காக?

உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. சிறுநீரகம் அதை உணர்ந்து எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும். சில வாரங்களில் சிவப்பணுக்கள் பெருகும். அதனால் மூன்று நான்கு வாரம் தங்க வேண்டியிருக்கிறது. ஸ்பெயினின் சியரா நெவாடாவில் 2,320 மீட்டர் உயரத்தில் உள்ள பயிற்சி மையம், ஃபிரான்சின் ஃபோன் ரோமு, சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ், அமெரிக்காவின் ஃபிளாக்ஸ்டாஃப் ஆகியவை பலரும் போகும் இடங்கள். ஆண்டில் இரண்டு மூன்று மாதங்கள் இப்படிப் பெட்டியும் கையுமாகக் கழியும்.

நீச்சல் சிறிய பகுதிதானே, பின்தங்கினாலும் சைக்கிளில் பிடித்துவிடலாமே?

ஒலிம்பிக் தூரத்தில் அது ஏறக்குறைய நடக்காத காரியம். அங்கே சைக்கிளில் ஒருவர் பின் ஒருவர் ஒட்டிச் செல்ல அனுமதி உண்டு. முதல் கூட்டத்தோடு தண்ணீரைவிட்டு வெளியேறியவர்கள் முறைவைத்துக் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார்கள். அரை நிமிடம் தாமதித்தவர் தனியாகவோ சிறு கூட்டத்தோடோ துரத்த வேண்டும். முன்னணியினர் ஒரு சுற்று முந்திவிட்டால் பின்தங்கியவர் பந்தயத்திலிருந்தே நீக்கப்படுவார். ஆகவே முதல் 200 மீட்டரில் கையும் காலும் மோதும் அந்தக் கலவரம் ஒரு நாளின் தலையெழுத்தையே எழுதிவிடுகிறது.

நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும், சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறும் இடங்களும் இப்படித்தான். காலணிகளை முன்னதாகவே பெடலில் பூட்டி, ரப்பர் பட்டையால் கிடைமட்டமாக நிறுத்தி வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஓடிவந்து தாவி ஏறி, ஓட்டிக்கொண்டே காலை நுழைப்பார்கள். இதற்கென்று தனியாக ஒத்திகை உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரிட்டனின் அலெக்ஸ் யீக்கும் வெள்ளி வென்ற ஹேடன் வைல்டுக்கும் இடையே இருந்த இடைவெளி 6 விநாடி. ஒரு தலைக்கவச வார் சிக்கிக்கொண்டால் போதும், அது கரைந்துவிடும்.

அயர்ன்மேனிலும் ஒட்டிச் செல்லலாமா?

கூடாது. முன்னால் போகிறவரின் பின்னே காற்றுத் தடை குறையும் இடத்தில் செல்வதை டிராஃப்டிங் என்பார்கள். அயர்ன்மேனில் நெடுங்காலமாக இருந்த விதி 12 மீட்டர் இடைவெளி. டி100 தொடரிலும் ஜெர்மனியின் ரோத் பந்தயத்திலும் 20 மீட்டர். அயர்ன்மேனில் மீறினால் நடுவர் நீல அட்டை காட்டுவார். தண்டனைக் கூடாரத்தில் 5 நிமிடம் நிற்க வேண்டும். 12 மீட்டரில் வரிசையாகப் போனாலும் பின்னால் இருப்பவருக்கு ஓரளவு லாபம் இருக்கத்தான் செய்கிறது என்பதால், வீரர்களுக்கிடையே இதைவிடச் சூடாக விவாதிக்கப்படும் விதி வேறில்லை. 20 மீட்டர் என்பதே நியாயம் என்பது என் கருத்து.

வெட்சூட் எப்போது அணியலாம்? தண்ணீர் அசுத்தமாக இருந்தால்?

ரப்பரால் ஆன வெட்சூட் குளிரைத் தடுப்பதோடு உடலை மிதக்கவும் வைக்கிறது. நீச்சலில் வலுக்குறைந்தவருக்கு அது வரம். எனவே தண்ணீரின் வெப்பநிலையைப் பார்த்தே அனுமதி. ஒலிம்பிக் தூரத்தில் முன்னணி வீரர்களுக்கு 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால்தான் அது கிடைக்கும். அசுத்தம் என்றால் பந்தயமே தள்ளிப்போகலாம்: பாரிஸில் ஆண்கள் பந்தயம் சேன் ஆற்று நீரின் தரத்தால் ஒரு நாள் தள்ளி ஜூலை 31-ஆம் தேதி நடந்தது.

எட்டு மணி நேரப் பந்தயத்தில் என்ன சாப்பிடுகிறார்கள்?

பெரும்பாலும் சர்க்கரை. உடலின் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துச் சேமிப்பு ஏறக்குறைய 400 முதல் 500 கிராம். அயர்ன்மேன் வேகத்தில் அது சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். எனவே மணிக்கு 90 முதல் 120 கிராம் வரை சர்க்கரையைப் பானமாகவும் ஜெல்லாகவும் உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் குடல் மணிக்குச் சுமார் 60 கிராமுக்கு மேல் உறிஞ்சாது; ஃபிரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால் இரண்டையும் கலக்கிறார்கள். இதோடு வியர்வையில் போகும் உப்பு, கொஞ்சம் காஃபீன்.

குதித்துக்கொண்டே இருக்கும் வயிற்றில், வெயிலில், இவ்வளவு இனிப்பைத் தாங்குவதற்கும் பழக்கம் வேண்டும். கால்களுக்குப் பயிற்சி கொடுப்பதுபோலவே குடலுக்கும் மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்கிறார்கள். நீண்ட சைக்கிள் நாட்களில் பசி இருக்கிறதோ இல்லையோ, கடிகாரம் அடித்ததும் ஒரு மிடறு குடித்தாக வேண்டும். மாரத்தானில் திடீரென்று நடக்கத் தொடங்கும் வீரரைப் பார்த்தால் கால்கள் சோர்ந்துவிட்டன என்று நினைக்கிறோம். பல நேரங்களில் மூன்று மணி நேரத்துக்கு முன்பு தவறவிட்ட ஒரு தண்ணீர்ப் போத்தல்தான் காரணமாக இருக்கும்.

அயர்ன்மேன் உலகப் போட்டி நடக்கும் ஹவாயின் கோனாவுக்கு ஏன் அவ்வளவு மதிப்பு?

அங்கேதான் எல்லாம் தொடங்கியது என்று பாதி உண்மையாகச் சொல்லலாம். 1978 பிப்ரவரியில் அதே ஹவாயின் ஓவாஹு தீவில் நடந்த முதல் அயர்ன்மேனில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். வென்ற கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி ஆயிற்று. 1981-இல் பந்தயம் பெரிய தீவிலுள்ள கோனாவுக்கு மாறியது. 2024-இல் அங்கே ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே எடுத்துக்கொண்டது 7 மணி 35 நிமிடம் 53 விநாடி.

மதிப்பு அந்த நிலத்தின் கொடுமையால் வந்தது. உறைந்த எரிமலைக் குழம்பின் கரிய வெளிக்கு நடுவே நெடுஞ்சாலை, நிழல் இல்லை, பக்கவாட்டில் அடிக்கும் காற்று சைக்கிளையே தூக்கிப்போடப் பார்க்கும், புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாததால் உடல் குளிர வழியில்லை. அங்கே ஆசைக்கு இடம் கொடுத்தவர்களின் பட்டியல் நீளமானது. லாங்கே வென்ற அதே 2024-இல் ஃபிரான்சின் சாம் லெய்ட்லோ சைக்கிளை 3 மணி 57 நிமிடத்தில் முடித்துப் புதிய சாதனை படைத்தார். ஓட்டத்தில் முதல் 10 பேருக்குள்கூட அவரால் நிற்க முடியவில்லை. லாங்கேயோ சைக்கிளில் அவரைத் துரத்தாமல் விட்டுவிட்டு, மாரத்தானை 2 மணி 37 நிமிடத்தில் ஓடினார். 2025-இல் பெண்கள் பந்தயத்தில் முன்னிலையில் இருந்த லூசி சார்லஸ்-பார்க்லி வெப்பத்தால் ஓட்டத்தின் நடுவே விலகினார். அவருக்குப் பின் முன்னிலைக்கு வந்த டெய்லர் நிப் முடிவுக்கோட்டுக்குச் சில கி.மீ. இருக்கையில் நின்றுவிட்டார், பொறுமையாகப் பின்னால் வந்த நார்வேயின் சோல்வெய் லோவ்செத் பட்டத்தை வென்றார். அந்த இருவரும் துணிவில் குறைந்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதில் பணம் இருக்கிறதா?

மேலே இருப்பவர்களுக்கு இருக்கிறது. மிக விரைவில் மெலிந்துவிடுகிறது. அயர்ன்மேன் உலகப் போட்டியில் வெல்பவருக்கு 1,25,000 அமெரிக்க டாலர், பரிசு முதல் 15 பேருக்குத்தான். 2024-இல் தொடங்கிய அயர்ன்மேன் புரோ சீரிஸ் ஆண்டு முடிவில் 17 லட்சம் டாலரைப் பங்கிடுகிறது. ஆண், பெண் இருபாலரிலும் முதலிடத்துக்குத் தலா 2 லட்சம். டி100 பந்தயம் ஒன்றில் வென்றால் 25,000 டாலர். இருபாலருக்கும் ஒரே பரிசு என்பது இந்த விளையாட்டின் நல்ல பழக்கம்.

இந்த வட்டத்துக்கு வெளியே இருப்பவர் தன் விமானச் சீட்டு, சைக்கிள் பெட்டிக்கான கூடுதல் கட்டணம், தங்குமிடம், பயிற்சியாளர் சம்பளம் எல்லாவற்றையும் கைப்பணத்தில் போட்டு, பத்தாவதாக வந்து, ஒன்றும் இல்லாமல் திரும்பலாம். அதனால் பலர் விளம்பர ஒப்பந்தங்களையும், பிறருக்குப் பயிற்சியளிப்பதையும், யூடியூபையும் நம்பியிருக்கிறார்கள். கனடாவின் லயனல் சாண்டர்ஸ் தன் தோல்விகளை ஒளிக்காமல் காணொளியில் பேசியே பெரும் ரசிகர் கூட்டத்தைச் சேர்த்தவர்.

மிகப் பெரிய ஆபத்து எது?

ஓட்டத்தால் வரும் எலும்புக் கீறல் அடிக்கடி வருவது. சாலையில் வரும் வாகனம் அச்சுறுத்துவது. பிரிட்டனின் டிம் டான் 2017-இல் கோனா பந்தயத்துக்குச் சில நாட்களே இருக்கையில் வண்டி மோதிக் கழுத்தெலும்பு முறிந்தவர். தலையைச் சுற்றி உலோக வளையத்தைத் திருகி மாதங்களைக் கழித்து, 2018 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் ஓடினார். நியூசிலாந்தின் ஹேடன் வைல்டு 2025 மே மாதம் டோக்கியோவில் லாரி மோதிப் பலத்த காயமடைந்து, ஆகஸ்டில் லண்டன் டி100-ஐ வென்றார். இதைப் பார்த்துவிட்டுப் பலர் வீட்டுக்குள் நிலையான சைக்கிளில், சுவரைப் பார்த்தபடி, மணிக்கணக்கில் மிதிக்கிறார்கள்.

ஊக்கமருந்துச் சோதனை எப்படி நடக்கிறது?

பந்தய நாளில் மட்டுமல்லாமல் எந்த நாளிலும் நடக்கும். சோதனைப் பட்டியலில் உள்ள வீரர் ஒவ்வொரு நாளும் தான் இருக்குமிடத்தையும், கட்டாயம் கிடைக்கக்கூடிய ஒரு மணி நேரத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். 12 மாதத்தில் மூன்று முறை தவறினால், மருந்து எதுவும் உட்கொள்ளாதவருக்கும் தடை உண்டு. மலைக்குப் போனால் இயல்பாகக் கூடும் அதே எரித்ரோபொய்ட்டினை ஊசியில் ஏற்றிக்கொண்டு பிடிபட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் காலின் சார்ட்டியர் 2023-இல் அதை ஒப்புக்கொண்டு மூன்றாண்டுத் தடை பெற்றார்.

குழந்தை பெற்ற பிறகு பெண்கள் திரும்ப வர முடிகிறதா?

முடிகிறது. சுவிட்சர்லாந்தின் நிக்கோலா ஷ்பிரிக் 2012 லண்டனில் புகைப்படத்தை வைத்து முடிவு செய்யப்பட்ட தங்கத்துக்குப் பிறகு தாயாகி, 2016 ரியோவில் வெள்ளி வென்றார். அமெரிக்காவின் செல்சி சொடாரோ மகள் பிறந்து சுமார் 18 மாதத்தில், 2022-இல் கோனாவை வென்றார். இருவருக்கும் வலுவான குடும்பத் துணை இருந்தது. துணையும் பணமும் இல்லாதவர்களைப் பற்றி நாம் கேள்விப்படுவதே இல்லை.

பந்தயத்துக்கு முந்தைய வாரத்தில் கடைசி நேரப் பயிற்சி உண்டா?

பயிற்சி குறைக்கப்படுகிறது. இதை டேப்பர் என்பார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே நேரத்தை ஏறக்குறையப் பாதியாக்கி, வேகத்தை மட்டும் சிறு சிறு துண்டுகளாக வைத்துக்கொள்வார்கள். உடல் தேறத் தேற மனம் அலைபாயும். இல்லாத முழங்கால் வலியெல்லாம் இருப்பதாகத் தோன்றும். அனுபவம் இல்லாதவர் அப்போது ஒரு கடினப் பயிற்சியைச் செய்து தன்னைச் சோதித்துப் பார்த்து, பந்தயத்தை அங்கேயே ஓடிவிட்டு வருவார்.

பந்தயம் முடிந்த பிறகு? எத்தனை வயது வரை?

அயர்ன்மேனுக்குப் பிறகு படிக்கட்டில் பின்பக்கமாக இறங்க வேண்டியிருக்கும். உறக்கம் இரண்டு நாளுக்கு வராது. இரண்டு மூன்று வாரம் கழித்தே ஒழுங்கான பயிற்சி தொடங்கும். எனவே முழுத் தூரப் பந்தயங்கள் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோதான். குறுந்தூர வீரர்கள் பத்துக்கு மேலும் ஓடுவார்கள். குறுந்தூரத்தில் இருபதுகளின் வேகம் பேசும். நெடுந்தூரத்தில் உடம்பின் வேகம் கொஞ்சம் தேய்ந்தாலும், எப்போது விட்டுக்கொடுப்பது என்று தெரிந்தவருக்கு இடம் இருக்கிறது. ஃப்ரோடேனோ 2019-இல் கோனாவை வென்றபோது அவருக்கு வயது 38. 2024-இல் லாங்கேவுக்கும் அதே வயதுதான்.